கையிலிருக்கும் சிட்-இன் கயாக்கில் மீன் பிடிக்க: எதை மாட்டலாம், எதை விடலாம்

தூண்டில் போட ஒரு கயாக் வேண்டும் என்று கேட்டால், கடையில் முதலில் காட்டுவது சிட்-ஆன்-டாப் வகையைத்தான். அதில் படகின் மேலேயே உட்காரலாம். உள்ளே அடிக்கும் தண்ணீர் துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். சரியான சிபாரிசுதான். ஆனால் பலர் வீட்டு கராஜில் ஏற்கெனவே தொங்குவது, கால்களை உள்ளே நீட்டிக் குழிக்குள் உட்காரும் பத்தடி சிட்-இன். என்னிடமும் அதுதான் இருந்தது. டொராண்டோவுக்கு வடகிழக்கே உள்ள ஸ்குகாக் ஏரிக்கு அதையே தயார் செய்யலாம் என்று இறங்கினேன்.

சிட்-இன்னுக்கும் சில சாதகங்கள் உண்டு. இருக்கை தாழ்வாக இருப்பதால் காற்று அதிகம் தள்ளாது. மே மாதக் குளிரில் கால் நனையாது. எடை இருபது கிலோ சுமார் என்பதால் கார் கூரையில் ஏற்ற இன்னொரு ஆள் தேவையில்லை. மீன்பிடிக்கென்றே செய்த சிட்-ஆன்-டாப்கள் பல முப்பது கிலோவைத் தாண்டிவிடும். பாதகம் ஒன்றுதான், ஆனால் பெரியது. கவிழ்ந்தால் நிரம்பிவிடும். நூறு லிட்டர் உள்ளே போனால் நூறு கிலோ; அந்தப் படகை நடு ஏரியில் தனி ஆளாக நிமிர்த்திப் பாருங்கள், தெரியும்.

அதனால் தூண்டில் தாங்கிக்கு முன்பே யோசிக்க வேண்டியது மிதப்பு. விலை குறைந்த சிட்-இன்களில் பின்பக்கம் மட்டும் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும், முன்பக்கம் வெறும் பொந்து. அதை அடைக்க இரண்டு வழிகள். காற்றுப் பை மூக்குவரை நன்றாக நிரப்பும், வேண்டாதபோது கழற்றலாம். ஆனால் வெயிலில் உப்பும், ஒரு தூண்டில் முள் பட்டால் போச்சு. வீட்டுச் சுவருக்கு வைக்கும் கெட்டியான ஃபோம் பலகையை வெட்டி இறுக்கிச் செருகுவது இரண்டாவது வழி. மூலைகளில் இடம் வீணாகும், ஆனால் ஓட்டை விழுந்தாலும் மிதக்கும். நான் ஃபோம் பக்கம். குழந்தைகள் நீச்சல் குளத்தில் பிடித்து மிதக்கும் நீளக் குழாய்களைத் திணிப்பவர்களும் உண்டு. கட்டி வைக்காவிட்டால் கவிழ்ந்தவுடன் அவை தனியாக மிதந்து போகும், நீங்கள் தனியாக.

அடுத்தது தூண்டில் தாங்கி. இணையப் படங்களில் நாலைந்து தாங்கிகளோடு முள்ளம்பன்றி போல நிற்கும் கயாக்குகளைப் பார்த்து மயங்க வேண்டாம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் உள்நாட்டு ஏரிகளில், பனிக்கட்டி இல்லாத காலத்தில், பொதுவாக ஒருவருக்கு ஒரு தூண்டில்தான் அனுமதி. ஆக, முன்னால் ஒன்று போதும். மாற்றுத் தூண்டிலுக்கு வேண்டுமானால் பின்னால் ஒன்று.

பின்பக்க மேல்தளத்தில் பெரிய வட்டம் வெட்டிப் பதிக்கும் குழாய்த் தாங்கி பார்க்க நேர்த்தியாக இருக்கும். சிட்-இன்னில் எனக்கு அது பிடிக்கவில்லை. குழிக்குள் இருந்துகொண்டு இடுப்பைத் திருப்பிப் பின்னால் கையை நீட்டும் அந்த ஒரு நொடிதான் படகு ஆட்டம் காணும் நொடி. குழாயின் அடிப்பாகம் மூடியில்லாமல் இருந்தால் மழையும் அலையும் நேராக உள்ளே இறங்கும். இதற்கு எதிராக, ஸ்காட்டி போன்ற நிறுவனங்கள் விற்கும், அடித்தட்டில் செருகிக் கழற்றும் வகையை முழங்காலுக்குச் சற்று முன்னால் மேல்தளத்தில் பொருத்தினால் கண்ணெதிரே தூண்டில் நுனி ஆடும். தேவையில்லாதபோது தாங்கியைக் கழற்றினால் தட்டு மட்டும் நிற்கும். ட்ரில் எடுக்கும் முன் தரையில் படகுக்குள் உட்கார்ந்து துடுப்பு போடுவதுபோல் பத்து முறை வீசிப் பாருங்கள். விரல் முட்டி எங்கே இடிக்கிறதோ, அங்கே தாங்கி கூடாது.

இந்த இடத்தில் சிட்-இன்னுக்கு ஒரு லாபம் இருக்கிறது. மூடிய உடல் கொண்ட சிட்-ஆன்-டாப்பில் உள்ளே கை போகாத இடங்களில் ரிவெட்டை நம்ப வேண்டும். நமக்கோ குழி வழியே கை எட்டும். துருப்பிடிக்காத போல்ட், அகன்ற வாஷர், லாக் நட் என்று உள்ளிருந்து இறுக்கலாம். பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை ஒட்டாது, ஒட்டியே சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

துளையே போட மனமில்லாதவர்களுக்கு, குழியின் குறுக்கே ஒரு மரப்பலகை வைத்து ரப்பர் கயிற்றால் கட்டி, அதில் எல்லாவற்றையும் மாட்டும் முறை இருக்கிறது. மலிவு, அழகு, ஒரு மாலையில் முடியும் வேலை. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தபோது முழங்கால் பலகையில் மாட்டியது. இரண்டு நொடிதான், ஆனால் போதும். பலகை வேண்டுமென்றால் குழியின் முன் ஓரத்தோடு நிறுத்துங்கள். முழங்காலால் உந்தினால் கழன்று விழ வேண்டும்.

நங்கூரத்தில் மூன்று போட்டியாளர்கள். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் எங்கும் கிடைக்கும். அதைப் படகின் பக்கவாட்டில் கட்டுவது மட்டும் கூடாது. காற்றும் அலையும் சேர்ந்து இழுத்தால் அந்தப் பக்கமே சாயும். கப்பி போட்டுக் கயிற்றை மூக்குக்கோ வாலுக்கோ நகர்த்தும் ஏற்பாடு அவசியம், அதற்கு இன்னும் நாலு துளை. காற்றில் மெல்ல நகர்ந்துகொண்டே வீச விரும்புகிறவருக்குத் தண்ணீரில் விரிந்து படகின் வேகத்தைக் குறைக்கும் துணிப்பை நல்லது. ஸ்குகாக்கின் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை, எங்கு பார்த்தாலும் பாசிக்கொடி. அங்கே ஜெயிப்பது தச்சர் பயன்படுத்தும் ஸ்பிரிங் கிளாம்ப்: ஒரு முழக் கயிற்றில் கட்டி, கொத்துச் செடியைக் கவ்வவிட்டால் படகு நின்றுவிடும். சில டாலர்தான்.

மீன் காட்டும் கருவியின் சென்ஸாரை வெளியே கம்பியில் தொங்கவிடாமல், உள்ளேயே அடித்தளத்தில் காற்றுக்குமிழி இல்லாமல் பதித்தால் பிளாஸ்டிக் வழியாகவே ஆழம் காட்டும். தண்ணீரின் வெப்பநிலை சரியாக வராது, அவ்வளவுதான்.

கடைசியாக, பிடித்த மீனை எங்கே வைப்பது? சிட்-ஆன்-டாப்காரர் காலடியில் போடுவார். நமக்கு மடிதான். பாஸ் வகை மீன் என்றால் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கலாம், சமாளிக்கலாம். மஸ்கி என்ற கூர்பல் பெருமீன் மாட்டினால் படகுக்குள் எடுக்கவே எடுக்காதீர்கள்; ரப்பர் வலையில், தண்ணீரிலேயே வைத்து நீளக் குறட்டால் முள்ளைக் கழற்றி விடுங்கள். முள்ளின் நுனிக்குப் பின்னால் திரும்பி நிற்கும் சிறு முள்ளையும் முன்கூட்டியே நசுக்கிவிடுவேன். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு இடது தொடையில் ஒரு தழும்பு இருக்கிறது.