கிரேட் யார்க்ஷயர் ஷோ: பரிசு மாடுகளோடு நின்றுவிடாதீர்கள்

இங்கிலாந்தின் ஹாரோகேட்டில் ஜூலையில் 4 நாள் நடக்கும் இந்த வேளாண் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு போனால், முதலில் கம்பளி வெட்டும் மேடைக்குப் போங்கள். ஆட்டைப் பிட்டத்தில் உட்காரவைத்து வயிற்று ரோமத்தை முதலில் எடுப்பார்கள். மற்றது ஒரே விரிப்பாகக் கழன்று வரும். தேர்ந்த கைக்கு ஓர் ஆட்டுக்கு 2, 3 நிமிடம் போதும். ஈர ரோமத்தை வெட்டமாட்டார்கள், சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

உணவுக் கூடத்தில் யார்க்ஷயரின் பேர்பெற்ற வென்ஸ்லிடேல் சீஸ் வாங்கும் முன் எத்தனை மாதம் பதப்பட்டது என்று கேளுங்கள். இளசானது லேசான புளிப்போடு உதிரும். முதிர்ந்ததில் சுவை அழுத்தம் கூடும்.

இத்தகைய கண்காட்சிகளில் சிறுவர்களுக்கு மிக நன்றாகப் பாடம் சொல்வது ஜாடியில் வெண்ணெய் எடுப்பதுதான். ஜாடியில் மூன்றில் ஒரு பங்குக்கே கிரீம் ஊற்ற வேண்டும். நிறைத்தால் உள்ளே அடிபட இடமிருக்காது. கிரீம் 15 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் 10 நிமிடக் குலுக்கலில் திரளும். வெயிலில் வைத்த கிரீம் பிசுபிசுப்பாகும், அதிகக் குளிர்ச்சி என்றால் கை ஓய்ந்துவிடும். திரண்டதும் மோரை வடித்து, குளிர்ந்த நீரில் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். மோர் தங்கினால் வெண்ணெய் சீக்கிரம் கெடும். சில அரங்குகளில் நேரமில்லையென்று இந்தக் கழுவலை விட்டுவிடுகிறார்கள். பெரிய குறை அது.

கன்று, ஆட்டுக்குட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிய பிறகே எதையும் தின்னக் கொடுங்கள். கிருமிநாசினி ஜெல் மட்டும் போதாது: வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம் கிருமி அதற்குச் சாகாது.