அறுப்பதும் பிடுங்குவதும்: ஒரு கீரைத் தொகுப்பைப் பற்றி

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்காக, தோட்டப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 'கீரைத் தொகுப்பு' என்ற பெட்டியை ஆனிக் கடைசியில் 780 ரூபாய்க்கு வாங்கினேன். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள மூன்று வளர்ப்புப் பைகள், 5 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி, 2 கிலோ மண்புழு உரம், அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை ஆகியவற்றின் விதைப் பொட்டலங்கள், ஒரு துண்டறிக்கை ஆகியவை அதில் இருந்தன. நான்கு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

விதைகளில் குறை சொல்ல ஏதுமில்லை. கடுகினும் சிறுத்து, கறுத்து மினுமினுக்கும் அவ்விதைகள் நான்காம் நாளே பரவலாக முளைத்துவிட்டன. ஆனால் ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும் நிலையில், பைக்கு ஒரு சிட்டிகை போதும் என்றோ, அதையும் ஒரு கைப்பிடி மணலோடு கலந்தே தூவ வேண்டும் என்றோ அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. புதிதாகத் தொடங்குபவர் பொட்டலத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு, நாற்றுகள் நெருக்கியடித்து வெளிறிப் போவதைத்தான் பார்ப்பார். எறும்புகள் விதையைத் தூக்கிச் செல்லாதிருக்கப் பையைச் சுற்றிக் கொஞ்சம் ரவையைத் தூவி வைத்தேன். அது எங்கள் வீட்டுப் பழக்கம்.

நார்க்கழிவில் உப்பு இருந்தது. அறிக்கையில் சொன்னபடி ஊறவைத்து உடனே நிரப்பிய முதல் பையில் நாற்றுகளின் இலை நுனிகள் கருகின. மற்ற இரண்டு பைகளுக்கான நார்க்கழிவை, தேநீர் நிறத்தில் வடிந்த நீர் தெளியும்வரை மூன்று முறை அலசிப் பிழிந்து, பாதிக்குப் பாதி செம்மண் சேர்த்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

என் முதன்மையான குறை அறுவடை பற்றியது. மூன்று கீரைக்கும் சேர்த்து, '25ஆம் நாளில் வேரோடு பிடுங்கவும்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் அது சரி. அரைக்கீரைக்கு அது பெரும் நட்டம். 'அறுகீரை' என்பதே அரைக்கீரை ஆயிற்று என்று சொல்வதுண்டு. அந்தப் பெயரிலேயே அறுவடை முறையும் அடங்கியிருக்கிறது. "அரையைப் பிடுங்காதே, அறு" என்று அம்மா சொல்லவே, பையின் இடப்பாதியை அறிக்கையின்படி பிடுங்கி, வலப்பாதியை மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கத்தரியால் வெட்டினேன். இடப்பாதி ஒரு வேளைப் பொரியலோடு தீர்ந்தது. வலப்பாதியிலோ, ஐந்தாம் நாளே வெட்டிய தண்டின் ஒவ்வொரு கணுவிலும் அரிசிமணி அளவில் துளிர்கள் எட்டிப் பார்த்தன. பத்து நாளுக்கு ஒருமுறையாக இதுவரை ஆறு தடவை வெட்டிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி மண்புழு உரமிட்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3, பெங்களூரிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சுகுணா ஆகியவை இவ்வாறு பலமுறை வெட்டுவதற்கென்றே வெளியிடப்பட்ட கீரை ரகங்கள். இந்தப் பொட்டலங்களிலோ ரகத்தின் பெயரும் இல்லை, விதை எடுத்த தேதியும் இல்லை.

கூடவே 'நிழல்வலை அவசியம்' என்று எழுதி, அதையும் தனியாக விற்கிறார்கள். சோளத்தையும் கேழ்வரகையும் போலக் கீரையும் முழு வெயிலை விரும்பும் பயிர். நம்பி வலையும் வாங்கி ஒரு பைக்கு மேல் கட்டியதில், தண்டு நூலாக நீண்டு சாய்ந்ததுதான் மிச்சம். வலை இப்போது வடகம் காயவைக்கும்போது காக்கைக்குத் தடையாகப் பயன்படுகிறது.

ஆவணியில் இலை பிணைக்கும் புழு வந்தது. இலைகளை மெல்லிய நூலால் சேர்த்துக் கட்டி, உள்ளே இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டும் அந்தப் புழுவுக்குக் கடையில் கேட்டபோது இரசாயன மருந்து ஒன்றைத் தந்தார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை அறுத்து உண்ணும் இலையில் அதை அடிக்க மனம் வரவில்லை. சுருண்ட இலைகளைக் கையால் கிள்ளியெறிந்து, ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டிய சாற்றை இரு மாலைகள் தெளித்ததில் கட்டுக்குள் வந்துவிட்டது.

வளர்ப்புப் பைகள் தரமானவை, இன்னும் தையல் விடவில்லை. பைக்காகவும் விதைக்காகவும் வாங்கலாம், துண்டறிக்கையை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். மறுமுறை நான் இதை வாங்கத் தேவையிருக்காது. முளைக்கீரையில் பிடுங்காமல் விட்ட நான்கு செடிகள் தண்டுக்கீரையாகத் தடித்தன. இரண்டைச் சாம்பாரில் போட்டோம். மற்ற இரண்டும் கதிர்விட்டன. ஐப்பசி மழை வலுக்குமுன் அவற்றை அறுத்துக் காயவைத்து, கசக்கி, முறத்தில் புடைத்து எடுத்த விதை ஓர் உறையில் இருக்கிறது. மேலே பெயரும் தேதியும் எழுதியிருக்கிறேன்.