ஜெயந்தி ரோகு: ஒரே குளத்தில் பத்து மாதம்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் உள்ள எங்கள் ஒரு ஏக்கர் குளத்தில் சென்ற ஆவணியில் விரலிகள் எனப்படும் விரல் நீள மீன் குஞ்சுகள் இரண்டாயிரத்தை விட்டோம். கெண்டை வகைகளில் கட்லா எண்ணூறு, மிர்கால் அறுநூறு, ரோகு அறுநூறு என்பது எங்கள் வழக்கமான கணக்கு. இந்த முறை ரோகுவில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன்: முந்நூறு நாங்கள் ஆண்டுதோறும் வாங்கும் சாதாரண ரோகு, மீதி முந்நூறு ஜெயந்தி ரோகு. புவனேசுவரத்திலிருந்து தாய் மீன் வாங்கி வந்ததற்கான தாளை எடுத்துக் காட்டிய ஒரு பொரிப்பகத்திலிருந்து (மீனை முட்டையிட வைத்துக் குஞ்சு விற்கும் இடம்) இந்த இரண்டாவது முந்நூறும் வந்தன. ஆனி மாதம் வலை இழுத்து எடை போட்ட பிறகே இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டையும் தனித்தனிக் குளத்தில் விட்டிருந்தால் ஒப்பிடவே முடிந்திருக்காது. ஒரு குளத்துத் தண்ணீர் பச்சை கட்டியிருக்கும், பக்கத்துக் குளத்துத் தண்ணீர் வெளுத்திருக்கும். கூடிய எடை மீனால் வந்ததா, தண்ணீரால் வந்ததா என்று யாராலும் சொல்ல இயலாது. ஆகவே விடுவதற்கு முன் ஜெயந்தி விரலிகள் ஒவ்வொன்றிலும் இடப்பக்க வயிற்றுத் துடுப்பைச் சிறு கத்தரிக்கோலால் பாதியளவு நறுக்கி, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த வெளிர் ஊதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி விட்டோம். நறுக்கிய துடுப்பு மீண்டும் வளரும் என்றாலும் முட்கள் நேராக வராமல் சற்றுக் கோணிக்கொண்டே வளர்வதால், பத்து மாதம் கழித்தும் விரலால் தடவிப் பார்த்தே இன்னது என்று பிரித்துவிட முடிந்தது. முந்நூறு விரலிகளை நறுக்க ஒரு முழு முற்பகல் ஆயிற்று. அன்று உதவிக்கு வந்த சித்தப்பா, "மீனுக்குக் காது குத்துற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று சொன்னதைத் தெருவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எடை விவரத்துக்கு முன், வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பது தெளிவாக வேண்டும். ஜெயந்தி ரோகு மரபணு மாற்றம் செய்யப்பட்ட மீன் அன்று. எங்கள் சந்தையில் இதை இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நல்ல காளையையும் நல்ல பசுவையும் தேர்ந்து சேர்க்கும் அதே வேலையை, கணக்கோடும் பதிவேட்டோடும் தலைமுறை தலைமுறையாக மீனில் செய்ததன் விளைவு இது. புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யா கங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், சால்மன் மீனில் இத்தகைய தேர்வு இனப்பெருக்கத்தை முன்பே செய்து காட்டியிருந்த நார்வே நாட்டின் அக்வாஃபோர்ஸ்க் நிறுவனத்தோடு சேர்ந்து 1992இல் இப்பணியைத் தொடங்கியது. கங்கை, கோமதி, யமுனை, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகுவையும் நிறுவனப் பண்ணையிலேயே இருந்த ரோகுவையும் அடித்தளமாகக் கொண்டார்கள். நாடு விடுதலை பெற்ற பொன்விழா ஆண்டான 1997இல் வெளியிட்டதால், பொன்விழாவை இந்தியில் சுவர்ண ஜெயந்தி என்பதை ஒட்டி, ஜெயந்தி என்று பெயர் வைத்தார்கள்.

கெண்டைகளில் ரோகுவை முதலில் எடுத்ததற்குக் காரணம், வட இந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் மக்கள் மிகவும் விரும்பும் மீன் அதுவாக இருக்க, கூட்டு வளர்ப்பில் கட்லாவுக்குப் பின்தங்கி வளர்வதும் அதுவாக இருந்ததே. ஒரு தாய், ஒரு தந்தைக்குப் பிறந்த குஞ்சுகளை ஒரு குடும்பமாகத் தனியே வளர்த்து, அவை சற்றுப் பெருத்ததும் அரிசி மணி போன்ற மின்னணு அடையாளச் சில்லை வயிற்றுக்குள் செலுத்துவார்கள். பிறகு எல்லாக் குடும்பங்களையும் ஒரே குளத்தில் கலந்து விட்டு, அறுவடையில் எந்தக் குடும்பம் முந்தியது, அக்குடும்பத்துக்குள் எந்த மீன் முந்தியது என்ற இரண்டையும் பார்த்துத்தான் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோரைத் தேர்வார்கள். என் கத்தரிக்கோல் வேலை அந்தச் சில்லின் ஏழை உறவினர்.

இந்த முறையில் தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் அளவுக்கு வளர்ச்சி கூடியதாக நிறுவனம் தெரிவித்திருக்கிறது. குஞ்சு விற்பவர்கள் பலர் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, "சாதா ரோகுவைவிடப் பதினேழு சதவீதம் கூட வரும்" என்று சொல்லி விற்கிறார்கள். அந்த எண் குறிப்பது ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையிலான முன்னேற்றத்தை. நம் குளத்தில் தெரியும் வித்தியாசம், நாம் ஒப்பிடும் சாதாரண ரோகு எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதையும் பொறுத்தது.

கெட்டுப்போவது என்பது வெறும் பேச்சு அல்ல. ரோகு ஆற்று மீன். குளத்தில் சினை பிடிக்குமே ஒழிய வெள்ளத்தின் தூண்டுதல் இல்லாமல் முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அவருடன் பணியாற்றியவர்களும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் ஆற்றுக் குஞ்சை நம்பியிருந்த நிலை மாறி, ஊருக்கு ஊர் பொரிப்பகங்கள் வந்தன. அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அந்த வசதியே ஒரு தீங்கையும் கொண்டு வந்தது. பொரிப்பகக்காரர் பெரிய மீனை விற்றுவிட்டு விற்காமல் நின்றதைத் தாய் மீனாக வைத்துக்கொள்வதும், அண்ணன் தங்கை மீன்களையே ஆண்டுக்கணக்கில் சேர்ப்பதும் வழக்கமாயின. அம்பேகர் ஏக்நாத், ரோஜர் டாயில் இருவரும் கர்நாடகப் பொரிப்பகங்களை ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட கட்டுரையில், இப்படி நெருங்கிய உறவு மீன்கள் சேர்வதான உள்ளினச் சேர்க்கை தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை ஏறுவதாகக் கணித்தார்கள். ஒரு பக்கம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறும் இனம், மறுபக்கம் இறங்கும் இனம் என்று வைத்துப் பார்த்தால் என் குளத்தில் கண்டது வியப்பாக இல்லை.

கண்டது இதுதான். வலையில் சிக்கிய சாதாரண ரோகு பெரும்பாலும் அறுநூறு கிராமுக்கும் எழுநூறுக்கும் இடையில் நின்றது. கோணிய துடுப்புக்காரர்கள் எண்ணூறைச் சுற்றி நின்றார்கள். இருவருக்கும் தின்னக் கிடைத்தது ஒன்றே: குளத்தில் விளைந்த மிதவை உயிர்களும், பையில் துளையிட்டுக் கட்டித் தொங்கவிட்ட கடலைப் புண்ணாக்கும் தவிடும். எடைக்கு மேல் எனக்குப் பிடித்தது ஒருசீரான அளவு. சாதாரண ரோகுவில் அரைக் கிலோவைத் தொடாத குட்டை மீன்கள் கணிசமாக இருந்தன, அவற்றை வியாபாரி தனித் தட்டில் ஒதுக்கிக் குறைந்த விலையே தந்தார். ஜெயந்தியில் அப்படி ஒதுக்கியவை கைவிரலில் எண்ணத்தக்கவை. குஞ்சுக்கு நான் கூடுதலாகக் கொடுத்த பணம் அந்தத் தட்டிலேயே திரும்பிவிட்டது எனலாம். ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது: விடும்போதே ஜெயந்தி விரலிகள் சாதாரண விரலிகளைவிட ஒரு நகக்கண் அளவு நீளமாக இருந்தன. முன்கூட்டிக் கிடைத்த அந்தச் சலுகைக்கும் இறுதி எடையில் ஒரு பங்கு உண்டு. ஒரே ஒரு குளம், ஒரே ஒரு பருவம் என்பதையும் படிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நோய்ப் பக்கத்தில் என் மதிப்பீடு இவ்வளவு தாராளமாக இராது. மாசி மாதம், தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு, மீன்கள் கரையோர மூங்கில் முளைகளில் உடம்பை உரசிக்கொண்டு துள்ளின. வீச்சு வலையில் ஒன்றை எடுத்துப் பார்த்தபோது துடுப்பின் அடியில் செதில் போலவே ஒட்டியிருந்த ஒன்று, விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது: கண்ணாடி போன்ற தட்டையான வட்டம், அதற்குள் இரண்டு கரும்புள்ளிக் கண்கள். மீன் பேன். கட்லாவிலும் மிர்காலிலும் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ரோகுவிலோ இரண்டு வகையிலும் பாரபட்சமின்றி ஏறியிருந்தது. ரோகுவைப் பேன் அதிகம் பிடிக்கும் என்பது வளர்ப்போர் எல்லோரும் அறிந்தது. ஜெயந்தி என்றால் நோய் வராது என்று சொல்லித்தான் சிலர் விற்கிறார்கள்; வளர்ச்சிக்காகத் தேர்ந்த மீனிடம் பேனைத் தாங்கும் குணத்தை எதிர்பார்ப்பது நம் பிழை. அதே நிறுவனம் பின்னர் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியாவைத் தாங்கும் குடும்பங்களைத் தேர்வதிலும் இறங்கியது. வயிறு வீங்கி, செதில் சிலிர்த்து, அடிவயிறு சிவந்து மீன் சாகும் நோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது அந்தப் பாக்டீரியாதான். குஞ்சுகளுக்கு வேண்டுமென்றே கிருமியைச் செலுத்தி, எந்தக் குடும்பம் பிழைக்கிறது என்று பார்க்கும் கடினமான வேலை அது. தாங்கும் திறன் ஓரளவு மரபுவழி வருகிறது என்பதும், தேர்ந்தெடுத்துக் கூட்டலாம் என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தன. ஆனால் வளர்ச்சிக்கென்று விற்கப்படும் குஞ்சும் அதுவும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

பேனுக்கு மருந்து கேட்டுப் போன கடையில், மீனையும் பார்க்காமல் தண்ணீரையும் கேட்காமல், ஒரு பூச்சிக்கொல்லிப் புட்டியையும் கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக் பொட்டலத்தையும் எடுத்து வைத்தார்கள். பேன் இறால் சாதியைச் சேர்ந்த உயிர். அதைக் கொல்லும் மருந்து கட்லா தின்னும் மிதவை உயிர்களையும் சேர்த்துக் கொல்லும். ஆன்டிபயாட்டிக் பேனை ஒன்றும் செய்யாது. வாங்காமல் திரும்பிவிட்டேன். பேன் முட்டையிட மீனை விட்டு இறங்கிக் கல், கட்டை போன்ற கடினமான பரப்பைத் தேடிப் போகும் என்பதால், குளத்தைச் சுற்றிலும் மூங்கில் துண்டுகளை ஊன்றி, வாரம் ஒருமுறை பிடுங்கி வெயிலில் காயப்போட்டு மாற்றி மாற்றி ஊன்றினோம். வெயில் காலத்தில் முட்டை இரண்டு மூன்று வாரத்தில் பொரிந்துவிடும் என்பதால் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. பிடுங்கிய மூங்கிலில் வரிசை வரிசையாகக் கடுகளவுக்கும் சிறிய முட்டைகள் ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகு சித்தப்பாவும் கிண்டலை விட்டுவிட்டு முளை பிடுங்க வந்தார். பேன் முற்றாக ஒழியவில்லை. மீன் தின்பதை நிறுத்தும் அளவுக்குப் போகவில்லை, அவ்வளவே.

சுவையைப் பற்றி எழுத அதிகமில்லை. தசைக்குள் இருக்கும் ஒய் வடிவ முள் ஜெயந்தியிலும் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டையும் தனித்தனிச் சட்டியில் குழம்பு வைத்துப் பார்த்தோம். அம்மாவால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ரோகுவுக்கு விராலின் மதிப்பும் கிடையாது, கடல் மீனின் மதிப்பும் கிடையாது. இப்போது கட்டட வேலைக்கு வந்திருக்கும் வங்காளத்து, ஒடிசாத் தொழிலாளர்கள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தலையோடு கேட்டு வாங்குகிறார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், மீனுக்கு நான்கு கொடுப்பேன். அந்தப் பெயரில் நடக்கும் விற்பனைக்கு இரண்டு கொடுக்கவே யோசிப்பேன். இதே குஞ்சு இன்னும் மலிவாகக் கிடைக்கிறதென்று பங்காளி ஒருவர் வேறொரு இடத்தில் ஐந்நூறு வாங்கி வந்தார், பொட்டலத்தில் ஜெயந்தி என்று சீட்டும் ஒட்டியிருந்தது. தொட்டியில் விட்டு வெள்ளைத் தட்டில் எடுத்துப் பார்த்தோம். ரோகுவின் கீழுதடு சொரசொரவென்று குஞ்சம் வைத்தது போலிருக்கும். இவற்றில் பலவற்றுக்கு உதடு மழமழவென்று இருந்தது, தலையும் உடம்புக்குப் பொருந்தாமல் பெருத்திருந்தது. ரோகுவையும் கட்லாவையும் ஒரே தொட்டியில் ஊசி போட்டு விட்டால் வரும் கலப்புக் குஞ்சுகள் இப்படித்தான் இருக்கும். விற்றவரிடம் தாய் மீன் எங்கே, எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டால் பதிலில்லை. வாங்குபவர்கள் பொட்டலத்துச் சீட்டை நம்பாமல், தாய் மீன் வந்த தாளையும், அது எத்தனை ஆண்டு பழையது என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்; உதட்டைப் பார்க்க ஒரு வெள்ளைத் தட்டு போதும்.

அறுவடையன்று அந்தப் பங்காளியே கரையில் நின்று, கோணிய துடுப்பில் பெரியதாகப் பத்தைப் பொறுக்கி ஒதுக்கச் சொன்னார். அவற்றைத் தாய் மீனாக வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டிலிருந்து யாரிடமும் போக வேண்டாம் என்பது அவர் கணக்கு. ஐந்து ஆணும் ஐந்து பெண்ணுமாகவே அவை அமைந்தாலும், ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ளினச் சேர்க்கை ஐந்து சதவீதம் ஏறும். அந்தப் பத்தும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்தால் அதைவிட மோசம். அவை எந்தக் குடும்பம் என்று சொல்ல என் மீனுக்குள் சில்லும் இல்லை. ஐந்து ஆற்றில் தேடிச் சேர்த்ததை எங்கள் குளத்தில் நாலு ஆண்டில் கரைத்துவிடுவோம் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு மனம் ஆறவில்லை. பத்தையும் தராசில் ஏற்றியபோது எட்டரைக் கிலோ காட்டியது, அதில் இரண்டை அவர் வீட்டுக் குழம்புக்குக் கொடுத்தனுப்பினேன்.