லண்டன் 'ஸ்பெக்டேட்டர்' வார இதழ்: சந்தா கட்டிப் படிக்கத் தக்கதா?

அரசியலையும் உலக நடப்பையும் வலதுசாரிக் கண்ணோட்டத்தில் ஆழமாக அலசும் ஆங்கில இதழ் எது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, 1828-ல் ராபர்ட் ரின்டூல் தொடங்கி இன்றும் லண்டனிலிருந்து வெளிவரும் 'ஸ்பெக்டேட்டர்' வார இதழைத்தான். அது கன்சர்வேட்டிவ் கட்சிக்கு நெருக்கமானது என்பது ஊரறிந்த செய்தி. ஒரு காலத்தில் அதன் ஆசிரியராக இருந்த நைஜல் லாசன் பின்னாளில் மார்கரெட் தாட்சரின் நிதியமைச்சரானார். 1999 முதல் 2005 வரை ஆசிரியராக இருந்த போரிஸ் ஜான்சன் 2019-ல் பிரதமரே ஆனார். இவ்வளவு நெருக்கம் இருந்தும், தன் பக்கத்தவர்கள் ஆட்சியில் இருக்கும்போதே அவர்களிடம் கணக்குக் கேட்கும் துணிவு இந்த இதழுக்குப் பல முறை இருந்திருக்கிறது. அதற்காகத்தான் நான் இதற்குப் பணம் கட்டுகிறேன்.

1956-ல் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஆன்டனி ஈடன் சூயஸ் கால்வாயை மீட்க எகிப்துக்குப் படை அனுப்பியபோது, இயன் கில்மரின் பொறுப்பில் இருந்த ஸ்பெக்டேட்டர் அதை எதிர்த்து எழுதியது. 1975-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) நீடிக்கலாமா என்று நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரிட்டனின் பெரும்பாலான பத்திரிகைகள் நீடிக்கச் சொன்னபோதும், கன்சர்வேட்டிவ் தலைமையும் அதையே வலியுறுத்தியபோதும், இந்த இதழ் வெளியேறச் சொன்னது; 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலும் பிரதமர் டேவிட் கேமரூனின் விருப்பத்துக்கு மாறாக அதே நிலைப்பாட்டை எடுத்தது.

அண்மைக் காலத்தில் அதன் மிகச் சிறந்த பணி கொரோனா காலத்தில் வெளிப்பட்டது என்று நான் கருதுகிறேன். 2021 டிசம்பரில் ஓமிக்ரான் பரவியபோது அறிவியலாளர் குழுக்கள் வெளியிட்ட கணிப்புகள் பெரும் உயிரிழப்பை எச்சரித்தன. மீண்டும் ஊரடங்கு வரும் என்ற பேச்சு எழுந்தது. அப்போதைய ஆசிரியர் ஃபிரேசர் நெல்சன், கணிப்புக் குழுவின் தலைவர் கிரஹாம் மெட்லியிடம், ஓமிக்ரானின் வீரியம் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்ற நிலையை ஏன் கணக்கிடவில்லை என்று வெளிப்படையாகவே கேட்டார். தங்களிடம் கேட்கப்படுவதைத்தான் பொதுவாகக் கணக்கிடுகிறோம் என்ற பொருளில் பதில் வந்தது. முந்தைய கணிப்புகளை நடந்த உண்மையோடு பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும் வரைபடங்களையும் இதழின் இணையதளம் வெளியிட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் ஊரடங்கு வரவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், கட்சித் தலைமைப் போட்டியில் இருந்த ரிஷி சுனக், அறிவியலாளர்களுக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்தது தவறு என்று இதே இதழுக்கு அளித்த பேட்டியில்தான் மனம் திறந்தார். மக்களின் கடையையும் பள்ளியையும் கோயிலையும் மூடச் சொல்லும் அதிகாரம் எவரிடம் இருந்தாலும் அதற்கு ஆதாரம் கேட்க வேண்டும் என்ற பழைய வலதுசாரிக் கொள்கையை, ஜான்சன் என்ற தன் முன்னாள் ஆசிரியரே பிரதமராக இருந்த காலத்தில் இந்த இதழ் கைவிடவில்லை.

இதழின் அமைப்பும் எனக்குப் பிடித்தமானது. தொடக்கத்தில் அந்த வாரச் செய்திகள் எந்த விமர்சனமும் இல்லாமல் சுருக்கமான வாக்கியங்களில் வரிசையாகத் தரப்படுகின்றன. அதைப் படித்த பிறகே கட்டுரைகளுக்கு வருகிறோம் என்பதால், செய்தி எது, கருத்து எது என்ற குழப்பம் வருவதில்லை. வெளிநாட்டுக் கட்டுரைகளில் உக்ரைன் பற்றியவை தனித்து நிற்கின்றன. அந்நாட்டைச் சேர்ந்த ஸ்விட்லானா மோரெனெட்ஸ் தம் நாட்டின் மீதுள்ள பற்றை மறைக்காமலே கீவ் அரசின் குறைகளையும் எழுதுகிறார். ரஷ்யாவை நன்கறிந்த ஓவன் மேத்யூஸ் மாஸ்கோவின் மனப்போக்கை விளக்குகிறார். அமெரிக்க அரசியலுக்கு ஃப்ரெடி கிரே நடத்தும் 'அமெரிக்கானோ' ஒலிபரப்பு நல்ல துணை. டிரம்பை ஆதரிப்பவர், வெறுப்பவர் இருவரையும் அதில் கேட்கலாம். நூல் மதிப்புரைப் பகுதியை அரசியலில் ஆர்வமில்லாதவர்களும் விரும்புவார்கள்.

குறைகளும் உண்டு. இந்தியாவைப் பற்றிய கட்டுரைகள் குறைவு; வருபவையும் பெரும்பாலும் லண்டன் ஜன்னல் வழியே பார்த்து எழுதியவை போலிருக்கும். எரிச்சலூட்டுவதையே நோக்கமாகக் கொண்ட சில பத்திகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. இணையதளத்தில் நாள்தோறும் குவியும் குறுங்கட்டுரைகளில் பல அச்சிதழின் தரத்தை எட்டுவதில்லை.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது வேறொன்று: இதழுக்கும் கட்சிக்கும் இடையிலான எல்லை மங்குவது. இதழின் அரசியல் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் ஃபோர்சைத் 2022 டிசம்பரில் பிரதமர் சுனக்கின் அரசியல் செயலாளராகப் போனார். 2024-ல், அபுதாபி பணத்தின் பின்பலத்தோடு வந்த ரெட்பேர்ட் ஐஎம்ஐ நிறுவனத்தின் கைக்கு இதழ் போகாமல் தடுக்கப்பட்டது; வெளிநாட்டு அரசுகள் பிரிட்டன் செய்தித்தாள்களை உடைமையாக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. அதை நான் மனமார வரவேற்றேன். ஆனால் 10 கோடி பவுண்டுக்கு இதழை வாங்கிய முதலீட்டு நிதி அதிபர் பால் மார்ஷல், அதே ஆண்டில் கன்சர்வேட்டிவ் அமைச்சராகப் பல ஆண்டுகள் இருந்த மைக்கேல் கோவை ஆசிரியராக்கினார். கோவ் கூர்மையான எழுத்தாளர், படித்தவர், அதில் ஐயமில்லை. எனினும், 2010 முதல் 2024 வரையிலான ஆட்சியின் தவறுகளைப் பற்றி எழுத வேண்டிய நேரத்தில், அந்த ஆட்சியின் முக்கிய முடிவுகளில் பங்கெடுத்த ஒருவரே ஆசிரியராக இருப்பது இதழுக்குப் பெரும் சோதனை. கட்சி இப்போது எதிர்க்கட்சியாக இருப்பதால் அந்தச் சோதனை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு அச்சிதழ் தேவையில்லை, மின்னிதழ்ச் சந்தாவே போதும். வாரச் செய்திச் சுருக்கத்தில் தொடங்கி, தலையங்கம், வெளிநாட்டுக் கட்டுரைகள் என்ற வரிசையில் படித்தால் பிரிட்டன் உட்கட்சி வம்புகளில் சிக்காமல் தப்பிக்கலாம். பணம் கட்டத் தயங்குபவர்கள், இணையத்தில் உள்ள அதன் 1828 முதல் 2008 வரையிலான காப்பகத்தில் 1956 நவம்பர் இதழ்களை முதலில் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.