எம்பி3 தகடுகளுக்காக வாங்கிய டிவிடி பிளேயர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கணினியில் சேர்ந்துவிட்ட பாடல்களைத் தகடுகளில் எழுதி, கூடத்தில் அமர்ந்து கேட்பதற்காகவே இந்த டிவிடி பிளேயரை வாங்கினேன். 700 மெகாபைட் கொள்ளளவுள்ள ஒரு தகட்டை ஆடியோ சிடியாக எழுதினால் 80 நிமிட இசைதான் அடங்கும்; அதையே நொடிக்கு 128 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவுக்குச் சுருக்கிய எம்பி3 கோப்புகளாக எழுதினால் ஏறத்தாழ 12 மணி நேரம் கேட்கலாம். ஒலித்தரத்தில் குறை சொல்வதற்கில்லை.

குறை இருப்பது வரிசையில்தான். கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டே இக்கருவி பாடல்களை அடுக்குவதால், 1, 2, 3 என்று எண்ணிட்டு நான் எழுதிய முதல் தகட்டில் முதல் பாடலை அடுத்துப் பத்தாவது பாடல் ஒலித்தது. 01, 02 என்று முன்னால் பூஜ்யம் சேர்த்து வேறொரு தகட்டில் எழுதிய பிறகே ஒழுங்கு வந்தது. பாடகர், தொகுப்பு, வரிசை எண் ஆகியவற்றைத் தாங்கி எம்பி3 கோப்புக்குள்ளேயே இருக்கும் ஐடி3 குறிப்புகளை நான் எவ்வளவோ பொறுமையாகத் திருத்தி வைத்திருந்தும், கருவி அவற்றைத் திரையில் காட்டுகிறதே தவிர வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை. தமிழில் பெயரிட்ட கோப்புகளோ வெறும் அடிக்கோடுகளாகத் தெரிகின்றன. நம் பாடலை ஆங்கில எழுத்தில் தேடுவது சற்று உறுத்தத்தான் செய்கிறது.

கோப்புறைக்குள் கோப்புறை வைத்தாலும் திறக்கிறது. ஆனால், தகட்டை நிறைவு செய்யாமல் (மேற்கொண்டு எழுத முடியாதபடி மூடாமல்) விட்டு, பின்னொரு நாள் சேர்த்த பாடல்கள் இதன் கண்ணில் படுவதே இல்லை. எண்ணிட்டுப் பெயர் வைக்கும் பொறுமை உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.