நிக்கான் ஈஎஸ்-2: நெகட்டிவுக்கு ஒரு குழாய்

பிலிம் நெகட்டிவை டிஜிட்டலாக்க, ஸ்டாண்டும் லைட் பேனலும் வைத்துக் கேமராவால் படமெடுக்கும்போது பெரிய தலைவலி, பிலிமும் சென்சாரும் இம்மியும் பிசகாமல் இணையாக நிற்கவேண்டும் என்பதுதான். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு மூலை மங்கிவிடும். நிக்கான் 2017-இல் அறிவித்த ஈஎஸ்-2, மேக்ரோ லென்ஸின் (மிக அருகில் படமெடுக்கும் லென்ஸ்) முன்னால் திருகி மாட்டும் குழாய். பிலிமும் லென்ஸும் ஒன்றாகவே அசைவதால் அந்தத் தொல்லை இல்லை. அறை வெளிச்சமும் பிலிமில் பட்டுப் பிரதிபலிக்காது.

ஆனால் லென்ஸ் சரியாக அமையவேண்டும். முழு ஃப்ரேம் கேமராவில் 60 மி.மீ. மைக்ரோ (நிக்கான் தன் மேக்ரோ லென்ஸுக்கு வைத்த பெயர்), சிறிய சென்சார் கொண்ட டிஎக்ஸ் கேமராவில் 40 மி.மீ. மைக்ரோ. 105 மி.மீ. லென்ஸுக்குக் குழாயின் நீளம் போதாது. இதற்காகவே புதிதாக லென்ஸ் வாங்குவது வீண். அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்டாண்டே கிடைக்கும்.

கூட வரும் ஹோல்டர்கள் இரண்டு: 6 ஃப்ரேம் துண்டுக்கு ஒன்று, மவுண்ட் போட்ட ஸ்லைடுக்கு ஒன்று. 35 மி.மீ. மட்டும்தான், அதைவிட அகலமான 120 பிலிம் வைத்திருப்பவர்கள் வேறு வழி பார்க்கவேண்டும். பழைய கேமராக்களில் ஃப்ரேம் இடைவெளி சீராக இருக்காது. அப்போது ஹோல்டரின் ‘க்ளிக்’கை நம்பாமல், திரையைப் பார்த்துக் கையால் நகர்த்துங்கள். கருப்பு ஓரத்தோடு முழு ஃப்ரேமும் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

விளக்கு இதனுடன் வராது. சிஆர்ஐ (நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனின் அளவு) 95-க்கு மேற்பட்ட எல்இடி பேனலோ ஃபிளாஷோ நல்லது. மொபைல் திரையை வைத்தால் நிறங்கள் கோணல்மாணலாகும், பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்8, ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு). இதைவிடத் திறந்தால் வளைந்த பிலிமின் ஓரம் மங்கும். எஃப்16-ஐத் தாண்டினால் துளை குறுகி ஒளி வளையும், அந்த டிஃப்ராக்‌ஷன் படம் முழுவதையும் மழுங்கடிக்கும். லைவ் வியூவில் பெரிதாக்கி, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையிலுள்ள கிரெயினில் (பிலிமின் நுண்துகள்) ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கலர் நெகட்டிவின் ஆரஞ்சு அடித்தளத்தில் சிவப்பு சேனல்தான் முதலில் வெடிக்கும், அதாவது அளவு மீறி விவரத்தை இழக்கும். ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) அதைக் கவனித்து எக்ஸ்போஷர் வைத்து, அதையே ரோல் முழுக்க மாற்றாதீர்கள். படமில்லாத வெற்றுத் துண்டு ஒன்றையும் எடுத்துவையுங்கள், ஒயிட் பேலன்ஸுக்கு உதவும்.

நிக்கானின் டி850 கேமராவில் நெகட்டிவைப் பாசிட்டிவாக மாற்றும் வசதி உண்டு. ஆனால் ஜேபெக் மட்டுமே தரும், நிறத்தைத் திருத்த இடமில்லை. டார்க்டேபிள் என்ற மென்பொருளில் நெகட்டிவை மாற்றும் நெகாடாக்டர் இலவசம், அதுவே மேல்.

ஸ்கேனரிலுள்ள அகச்சிவப்புத் தூசி நீக்கம் இதில் கிடையாது. ஹோல்டரில் நுழைக்குமுன் துண்டின் இரு பக்கமும் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி எமல்ஷனில் (பிலிமில் படம் பதிந்த பூச்சு) கறையாகப் படியும்.