7 வருடமாக டிவிஆர் பெட்டியோடு: தங்கச்சிமடத்து வீட்டிலிருந்து

டிவிஆர், அதாவது கண்காணிப்புக் கேமராக்களின் படத்தைப் பதிவு செய்கிற பெட்டி, வாங்கலாமா என்று யாராவது கேட்டால், கடல் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். மெகாபிக்சல், பிராண்டு எல்லாம் அப்புறம். எங்கள் வீடு ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில், வடக்குக் கரையிலிருந்து ஐந்து நிமிட நடை. 2018 மே மாதம் அண்ணன் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது மாட்டியது. நான்கு கேமரா, நான்கு சேனல் டிவிஆர் ஒன்று, 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபிள், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 19,500 ரூபாய் ஆனது. 7 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதே பெட்டிதான் இன்னும் ஓடுகிறது. பெட்டியைத் தவிர மற்றது எல்லாம் ஒரு தடவையாவது மாறிவிட்டது.

கடைக்காரர் 'ஒரு மாசம் ரெக்கார்டு நிக்கும்' என்றார். நிற்கவில்லை, 11 நாள்தான் நின்றது. கணக்கு ரொம்பச் சுலபம், ஆனால் வாங்கும்போது யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்திருந்தால் நான்குக்கு 8 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 1 எம்பி. ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆக 86 ஜிபி. 1 டிபி என்பது ஆயிரம் ஜிபி, அந்த டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழசை அழித்துவிட்டு மேலே எழுத ஆரம்பிக்கும். பிறகு நானே மெனுவுக்குள் போய் வீடியோவைச் சுருக்குகிற முறை ஹெச் 264 என்று இருந்ததை ஹெச் 265க்கு மாற்றி, பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அந்தக் கணக்கை, பாதியாகக் குறைத்தேன், 20 நாளுக்கு மேல் வந்தது. படத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதல் நாளே இதைச் செய்துவிட்டுப் போயிருக்கலாம் மாட்டிய தம்பி, இரண்டு நிமிட வேலை.

பாஸ்வேர்டும் அப்படித்தான். எங்கள் தெருவில் அதே ஆள் மாட்டிய நான்கு வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே போகிற ரகம். 2016ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க இப்படிப்பட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்து, அவற்றை வைத்தே அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. அது உள்ளே நுழைந்ததே கம்பெனியில் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். இதைப் படித்த அன்று இரவே மாற்றினேன், மற்ற மூன்று வீட்டிலும் போய் மாற்றிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் டீயும் முறுக்கும் கிடைத்தது.

சரி, உப்புக்கு வருகிறேன். இந்தத் தீவில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் தெற்கிலிருந்து சோழகம் அடித்தாலும் உப்பு எப்படியும் வீட்டுக்கு வரும். கேமராவின் உடம்பு பிளாஸ்டிக்கோ அலுமினியமோ, அது தாங்குகிறது. போவது அதன் வாலில் இருக்கும் இரண்டு இணைப்புகள்: படம் போகிற பிஎன்சி, கரண்டு போகிற டிசி பின். முதல் மழைக்காலம் முடிவதற்குள் வாசல் கேமராவில் கோடு கோடாக ஓட ஆரம்பித்தது. ஏணி போட்டு ஏறி டேப்பைப் பிரித்தால் உள்ளே பிஎன்சி முழுக்கப் பச்சை பூத்து, திருகக் கூட வரவில்லை, பிளையரில் பிடித்ததும் அப்பளம் மாதிரி உடைந்தது. மேலே சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அது வெயிலில் பிசின் இளகி ஈரத்தைத் தடுப்பதற்குப் பதிலாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இப்போது ஒவ்வொரு கேமராவுக்கும் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, இணைப்பை அதற்குள் தள்ளி, கேபிள் நுழைகிற ஓட்டை கீழே பார்த்து இருக்கும்படி மாட்டியிருக்கிறேன். பின்னைச் சுற்றி அப்பா படகு இன்ஜினுக்குப் பூசுகிற கிரீஸில் கொஞ்சம். 'இதை முதல்லயே என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல' என்றார் அப்பா. நியாயம்தான், நாற்பது வருடமாக உப்போடு மல்லுக்கட்டுகிற ஆளை விட்டுவிட்டு ராமநாதபுரத்திலிருந்து மாட்ட வந்தவர் பேச்சைக் கேட்டது என் தப்பு. அப்படி மாற்றிய பிறகு ஒரு இணைப்பும் போகவில்லை. கேபிளும் இப்படித்தான்: படத்துக்கு ஒரு ஒயர், கரண்டுக்கும் சத்தத்துக்கும் மூன்று என்று சேர்த்து 3 பிளஸ் 1 என்று விற்கிறார்களே, அதில் அசல் செம்பு எது, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது எது என்று நறுக்கிப் பார்த்து வாங்குங்கள். பூசியது இந்தக் கரையில் நுனியிலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே உள்ளே போகும்.

கண்ணாடியில் படிகிற உப்பு வேறு கதை. பகலில் தெரியாது. இரவில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரிந்ததும் அந்த உப்புப் படலம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முற்றம் முழுக்கப் பனி மூட்டம் போலத் தெரியும், கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து நான் ஒரு கேமராவையே மாற்றியிருக்கிறேன், தண்டச் செலவு. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், ஆடிக் காற்றில் ஒட்டிய மணல் கீறிவிடும். அப்புறம் சிலந்தி. இரவில் கேமரா பக்கம் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை ஆடும், மோஷன் அலர்ட் இரவெல்லாம் செல்லில் டிங் டிங் என்று அடிக்கும். அலர்ட்டை நிறுத்திவிட்டுத் தென்னை விளக்குமாற்றை எடுப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

வீட்டுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும், வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. நான்காவது கேமரா பின்பக்கம், கிணற்றடியைப் பார்த்து இருந்தது. அண்ணன் குவைத்தில் டூட்டி முடிந்து செல்லைத் திறந்தால் நான்கு கட்டத்திலும் வீடு தெரியும். முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். 'அம்மா, ஏன் வெயில்ல செருப்பில்லாம நிக்கிறீங்க' என்று அங்கிருந்து போன் வரும், அம்மாவுக்குப் பெருமை தாங்காது, அடுத்த வீட்டுக்கெல்லாம் சொல்வார். மூன்று மாதத்தில் அது மாறிவிட்டது. யார் வந்துவிட்டுப் போனது, துணி ஏன் இன்னும் காயப்போடவில்லை, மதினி யாரோடு அவ்வளவு நேரம் வாசலில் பேசிக்கொண்டு நின்றார் என்று கேள்வி வர ஆரம்பித்தது. ஒருநாள் மதினி என்னிடம் நேராகவே கேட்டார்: 'தம்பி, உங்க அண்ணன் திருடனுக்குக் கேமரா வச்சாரா, எனக்கு வச்சாரா?'

எனக்குப் பதில் இல்லை. அன்று சாயங்காலமே கிணற்றடிக் கேமராவைத் திருப்பி, பின்கதவும் வேலியும் மட்டும் தெரிகிறமாதிரி வைத்தேன். பக்கத்து வீட்டுக் குளியல் தட்டியின் ஓரம் ஒன்று படத்தில் விழுந்தது, அதை மெனுவில் பிரைவசி மாஸ்க் போட்டுக் கறுப்புக் கட்டமாக மறைத்தேன். அண்ணனுக்குத் தனி யூசர் உருவாக்கி வாசல் கேமரா ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். இந்த வசதி அநேகமாக எல்லா டிவிஆரிலும் இருக்கிறது, யாரும் காட்டித் தருவதில்லை, ஒரே அட்மின் கணக்கைத்தான் குடும்பம் முழுக்கச் செல்லில் போட்டுக் கொடுக்கிறார்கள். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது அவர் மதினிக்கே போன் போட்டுக் கேட்கிறார்.

இனி எனக்கு விழுந்த அடி. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்கு வந்து, நகராமல் எங்கள் கரைக்குப் பக்கத்திலேயே நின்று மழையைக் கொட்டியது. கரண்டு போவதும் வருவதுமாக இருந்து பிறகு மொத்தமாகவே போனது. அந்த நாட்களில் கரண்டு இருந்த நேரமெல்லாம் கேமரா சிக்னல் இல்லை, நெட் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் பெட்டி பீப் பீப் என்று கத்தியது. அப்பத்தாவுக்குத் தூக்கம் கெட்டது. நான் மெனுவில் போய் எச்சரிக்கை என்று இருந்த எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். நிம்மதி.

2021ல் ஒரு காலையில் திண்ணையில் வைத்திருந்த நண்டு வலையில் இரண்டு கட்டு காணோம். புது வலை. நான் கொஞ்சம் தெனாவட்டாகத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தேன், ஆள் யார் என்று இன்னும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று. மவுஸை எடுத்து பிளேபேக் போனால் காலண்டரில் அந்தத் தேதி வெறுமையாக இருக்கிறது. முந்தின நாளும் இல்லை. பின்னால் போகப்போக, கடைசியாகப் பதிவானது 43 நாளைக்கு முன்னால். நடந்ததையெல்லாம் பெட்டி குறித்து வைக்கிற லாக் பகுதியைத் திறந்தேன், அதே தேதியில் ஹார்டு டிஸ்க் எரர் என்று ஒரு வரி. பெட்டி அன்றைக்கே கத்தியிருக்கும். கத்த வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

இதில் ஏமாற்றுவது எது தெரியுமா, நேரலைப் படம். டிஸ்க் செத்துப்போனாலும் டிவியில் நான்கு கட்டமும் பளிச்சென்று ஓடும், செல்லிலும் வரும், தினமும் பார்த்துக்கொண்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். படம் தெரிவது வேறு, பதிவாவது வேறு. வலை கிடைக்கவே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்து டிஸ்கைக் கழற்றினால் அது கம்ப்யூட்டருக்குப் போடுகிற சாதாரண டிஸ்க், லேபிளில் 2014 என்று இருந்தது. எங்களுக்கு மாட்டியது 2018ல். கேட்டதற்கு, 'அப்ப ஸ்டாக்ல அதுதாண்ணே இருந்துச்சு' என்ற பதில் வந்தது. டிவிஆருக்கென்றே டபிள்யூடி பர்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற டிஸ்க்குகள் இருக்கின்றன, 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்தவை. பில்லில் 1 டிபி என்று மட்டும் போட்டிருந்தால் விடாதீர்கள், எந்த டிஸ்க், எந்த வருடம் என்று கண்ணால் பார்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். நான் 2 டிபி பர்பிள் போட்டேன், கூடவே பெட்டியை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். பெட்டி, கேமரா எல்லாம் சேர்த்து 30 வாட் என்று வைத்தாலும் நாளுக்கு முக்கால் யூனிட் வராது, இரண்டு மாத பில்லில் 43 யூனிட் அளவில் வரும். இலவசமாகக் கிடைக்கிற யூனிட்டில் ஒரு நல்ல பங்கை இது தின்கிறது, அது தெரிந்தே இருக்கட்டும்.

கடிகாரம் பற்றியும் ஒன்று. 2023ல் எங்கள் வாசலுக்கு எதிரே ராமேசுவரம் சாலையில் ஒரு பைக்கும் ஆட்டோவும் மோதிக்கொண்டன, போலீஸ்காரர் ஒருவர் வந்து பதிவு கேட்டார். சம்பவம் நடந்தது மாலை 6 மணிக்கு. அந்த நேரத்தில் தேடினால் வெயில் அடிக்கிறது, ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். கடைசியில் இரவு எட்டரை என்று போட்டிருந்த இடத்தில் கிடைத்தது. பெட்டிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்து செட்டிங் அழிந்து, நெட்டிலிருந்து நேரம் எடுத்தபோது சீன நேரத்தில் எடுத்திருக்கிறது, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். படத்தில் எழுதிய நேரத்தை அப்புறம் மாற்ற முடியாது. 'இத வச்சு நான் என்னத்த எழுத' என்று அவர் தலையைச் சொறிந்தார், பிறகு ஆட்டோக்காரரும் பைக் ஓட்டியவரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பேட்டரி சிஆர் 2032, வாட்ச் கடையில் கிடைக்கும், மாற்ற ஐந்து நிமிடம்.

வைஃபை கேமரா மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கிறார்கள். வாடகை வீட்டுக்குச் சரி. ஆனால் பதிவு அந்தக் கேமராவிலேயே மெமரி கார்டில் இருந்தால், வருகிறவன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் அவனோடு போகும். டிவிஆர் வீட்டுக்குள் இருக்கும், நெட் போனாலும் பதிவு நிற்காது. அதனால் உப்பு, ஏணி, கிரீஸ் எல்லாம் பட்டும் நான் இதையே வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு திருடனையும் பிடிக்கவில்லை, கோழி முட்டையைத் தூக்கிக்கொண்டு போன கீரியைத்தான் பிடித்தது, அதுவும் தெளிவாக, இரண்டு கேமராவில்.

இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு சாயங்காலம் மவுஸை எடுத்து முந்தைய நாள் நடுராத்திரிப் பதிவை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன், கடிகாரத்தைச் செல்லோடு ஒப்பிடுகிறேன், ஏணியில் ஏறித் துடைக்கிறேன். எடுத்த டிக் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டேன். போன வாரம்கூட நெட் போனதும் அது கத்த ஆரம்பிக்க, அம்மா அடுப்படியிலிருந்தே, 'டேய், உன் பெட்டி கத்துது, என்னான்னு போய்ப் பாரு' என்றார். போய்ப் பார்த்தேன்.